தந்தையின் கடனும் பிள்ளையின் உரிமையும்

பழந்தமிழ் இலக்கியம் தந்தைக்குக் கடனை வகுத்துச் சொன்னது. பிள்ளைக்கு உரிமையை வகுத்துச் சொல்லவில்லை. வளர்த்தெடுப்பதைத் தாயின் பொறுப்பாகவும், நற்பண்பு நிரம்பியவனாக ஆக்குவதைத் தந்தையின் பொறுப்பாகவும், வேல் அடித்துக் கொடுப்பதைக் கொல்லனின் பொறுப்பாகவும் பகுத்துக் காட்டும் புறப்பாடல் பொன்முடியாரின் பெயரால் வழங்குவது. கற்றோர் கூடிய அவையில் மகன் முன்னிடம் பெறுமாறு செய்வதே தந்தை அவனுக்குச் செய்யத்தக்க நன்மை என்பது வள்ளுவர் கருத்து. இரண்டும் உயர்ந்த கருத்துகளே. ஆயினும் இரண்டிலும் பேசப்படுபவன் மகன். மகளைப் பற்றிய பேச்சு இல்லை. இரண்டிலும் பிள்ளை பிறரால் உருவாக்கப்படுபவனாக நிற்கின்றானேயன்றித் தனக்கு இன்னது வேண்டும் என்று வாய்திறந்து கேட்பவனாக நிற்கவில்லை. கடன் என்று ஒன்று உண்டாயின் அதனைக் கேட்டு வாங்கும் தகுதியுடைய ஒருவரும் இருத்தல் வேண்டுமன்றோ? அந்த மற்றப் பக்கத்தைத் தமிழ்க் குடும்பம் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று தமிழர் அடுக்கிச் சொல்லும் வரிசையை ஒத்த ஒன்று, யாவாவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள மதுராத் தீவின் மக்களிடமும் வழங்கி வருகின்றது. தந்தை, தாய், ஆசான், அரசன் என்பது அவர்தம் வரிசை. அங்குத் தந்தை முதலில் நிற்கின்றான். தெய்வத்தின் இடத்தில் அரசன் அமர்ந்துள்ளான். பணிந்து நடக்க வேண்டியோரின் பட்டியல் அது. அப்பட்டியலில் எங்கும் இடம்பெறாத ஒருவர் உண்டாயின் அவர் பிள்ளையே. அறியாப் பருவத்திலேயே பிள்ளைகளுக்கு மணம் பேசி வைக்கும் வழக்கம் அத்தீவில் வேரூன்றியிருந்தமைக்கும் இவ்வரிசைக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லுதல் அரிது. இந்தோனேசியாவின் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பெண்ணுக்கு 16 வயதைப் போதும் என்றது. 2019இலேயே அது 19 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் தன் எண்ணை மாற்றிக்கொள்ள 45 ஆண்டுகள் சென்றன. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசி முடிக்கும் தந்தையர் மாற எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பது வேறு கணக்கு.

அக்கணக்கை ஆராய்தற்கு மதுரா வரை செல்ல வேண்டியதில்லை. திருகோணமலை மாவட்டத்தின் வடபகுதியில், குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில், கடற்கரையிலிருந்து சற்று உள்வாங்கி அமைந்த திரியாய் என்னும் பழைய தமிழ்க் கிராமமே போதும். பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட வடமொழிக் கல்வெட்டினாலும் குன்றின்மேல் உள்ள பௌத்தச் சின்னங்களாலும் அவ்வூரை ஆராய்ச்சியாளர் அறிவர். ஊரவருக்கோ அது வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் கொண்ட ஊர். பெரும்போகம் பொய்த்தாலும் பட்டி பொய்க்காது என்னும் நம்பிக்கையில் வாழ்ந்த ஊர் எனினும் பொருந்தும். 1985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வூர் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் பறிபோயின. மக்கள் வெளியேறினர். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மீண்டும் வெளியேறினர். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர்க் குடும்பங்கள் திரும்பி வரலாயின. ஓர் ஊரின் இருபது ஆண்டுகளை இவ்வாறு நான்கு வாக்கியங்களில் அடக்குதல் நேர்மையன்று. ஆயினும் ஈண்டு நோக்கப்படுவது அவ்விருபது ஆண்டுகளினூடே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த தந்தையரையே.

அவ்வூரவர் ஒருவர். கமக்காரர், சிறு பட்டி ஒன்றும் உடையவர். 1985இல் அவருக்கு வயது பத்து. வீடு எரிந்தபோது பெட்டகம் எரிந்தது. பெட்டகத்தினுள் இருந்த உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் எரிந்தன. நெல்லும் மாடும் போனதற்காக அழாத அவருடைய தந்தை, அந்தக் கடதாசிகள் போனமைக்காக அழுதார் என்று அவர் இன்றும் சொல்வதுண்டு. அம்முதியவர் எழுத்தறிவு மிகுந்தவர் அல்லர். ஆயினும் அகதி முகாமில் அரிசிக்காக வரிசையில் நின்ற நாள்களைக் காட்டிலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்குப் பிரதி எடுப்பதற்காகக் கச்சேரி வாசலில் நின்ற நாள்களே அவருக்கு மிகுதி. பதிவேட்டில் பெயர் இருந்தால் பிரதி கிடைக்கும். பதிவேடும் அழிந்திருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழே கதி. அக்குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. முதியவர் அப்பிரதிகளை மெழுகுசீலையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். 1990இல் முல்லைத்தீவுப் பக்கமாகக் காடு கடந்தபோதும் அவை இடுப்பிலேயே இருந்தன.

பிள்ளையின் உரிமை என்றவுடன் கற்றோர் உள்ளத்தில் தோன்றுவது ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயம். 1989 நவம்பரில் அது நிறைவேறியது. 1991இல் இலங்கை அதனை ஏற்று உறுதிசெய்தது. 1992இல் சிறுவர் சாசனத்தையும் வெளியிட்டது. பிறந்தவுடன் பதியப்படுதலும் பெயரொன்றைப் பெறுதலும் பிள்ளையின் உரிமை என்கின்றது அச்சமவாயத்தின் ஏழாவது உறுப்புரை. இடுப்பில் மெழுகுசீலை கட்டிய முதியவர் அதனைக் கேள்விப்பட்டவர் அல்லர். இலங்கை கையொப்பமிடுவதற்கு முன்னரே அவர் அதனை நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தார். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதி சிக்கலாகும், பரீட்சை சிக்கலாகும், அடையாள அட்டை சிக்கலாகும் என்பது அவர் பட்டறிந்த பாடம். அடையாள அட்டை இல்லாத இளைஞனுக்குச் சோதனைச் சாவடிகளில் நேரக்கூடியது யாதென்பதை அக்காலத்தில் வாழ்ந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை.

அச்சான்றிதழில் தந்தைக்கென ஒரு கூடு உண்டு. அக்கூட்டில் நிரப்பப்படும் பெயரின் வலிமை சிறிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், மணவாழ்வில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகவே இந்நாட்டுக் குடியுரிமையை வழங்கிற்று. தந்தை பிறநாட்டவராயின் இந்நாட்டுத் தாய் வயிற்றில் பிறந்தும் பிள்ளை அந்நியனே. 2003இலேதான் 'தந்தை' என்ற சொல் நின்ற இடத்தில் 'பெற்றோர்' என்னும் பொருள் புகுத்தப்பட்டது. அதேபோன்று, பிள்ளைக்குத் தாபரிப்புச் செலவு கொடுக்கும் கடப்பாட்டைத் தந்தையின் தலையில் மட்டும் ஏற்றிய 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நீங்கி, வசதியுள்ள பெற்றோர் எவராயினும் கொடுத்தல் வேண்டும் என்ற சட்டம் 1999இல் வந்தது. உரிமையையும் சுமையையும் சேர்த்தே தந்தையிடம் வைத்திருந்த சட்டம், இரண்டையும் சேர்த்தே பகிர்ந்துகொண்டது என்பது நோக்கற்பாலது. சட்டம் பகிர்ந்த வேகத்தில் வீடு பகிரவில்லை.

இனி அம்முதியவரின் மற்றொரு செயலையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். நமது கமக்காரருக்கு அக்காள். இடம்பெயர்ந்த வாழ்வில், கொட்டிலில் கல்வி கற்று, கணக்கில் எல்லோருக்கும் முன்நின்ற பெண். பதினாறாம் வயதில் அவளுக்கு மணம் முடித்துவைத்தார் தந்தை. அஃது ஆசையினால் அன்று, அச்சத்தினால். ஒரு புறம் படையினரைப் பற்றிய அச்சம். மறு புறம் பள்ளிப் பிள்ளைகளை ஆயுதம் ஏந்த அழைத்துச் செல்வோரைப் பற்றிய அச்சம். கழுத்தில் தாலி ஏறிய பெண்ணை எவரும் அழைத்துச் செல்லார் என்ற எண்ணத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளை மணங்கள் நடந்த காலம் அது. அவற்றுட் பல பதிவு செய்யப்படாமலேயே நடந்தன. 1995இல் திருமணப் பதிவுக்குரிய ஆகக் குறைந்த வயதைப் பொதுச் சட்டம் 18 ஆக உயர்த்தியதும், போர் நிலத்தில் அச்சட்டத்தைக் காட்டி எந்தத் தந்தையையும் எவரும் தடுக்கவில்லை.

மெழுகுசீலையை இடுப்பில் கட்டியவரும் இவரே, மகளின் புத்தகத்தை மூடிவைத்தவரும் இவரே. இரண்டும் காப்பாற்றும் எண்ணத்தில் செய்தவையே. ஒன்றில் உரிமை காக்கப்பட்டது. மற்றதில் உயிரைக் காப்பதன் பொருட்டு உரிமை விலையாகக் கொடுக்கப்பட்டது. அவரைக் குற்றஞ்சாட்டுதல் எளிது. கொட்டிலுக்கு வெளியே இருந்து சொல்வோர்க்கு அது மிக எளிது. ஆயினும் மகளை ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்ற குறை அவரிடத்தே இறுதிவரை இருந்தது போலும். அவள் தாய்வீடு வரும் நாள்களில் அவர் மாட்டுப்பட்டிக்குச் சென்றுவிடுவார். அவள் புறப்படும் வேளையிலேயே திரும்புவார். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

கிழக்கில் தந்தையின் நிலை பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். மணமானதும் ஆண்மகன் பெண்வீட்டுக்குச் சென்று வாழ்வதே இப்பகுதியில் பெருவழக்கு. வீடு சீதனமாகப் பெண்ணுக்குரியது. பிள்ளைகளின் அலுவல்களில் அம்மானுக்கு, அதாவது தாயின் உடன்பிறந்தானுக்கு, உள்ள குரல் தந்தையின் குரலுக்குத் தாழ்ந்ததன்று. ஆழிப்பேரலை 2004 டிசெம்பர் 26இல் கரையோரத்தை அழித்த பின்னர், புதிய வீடுகளின் உறுதிகளைக் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதிக் கொடுத்த இடங்களில் இவ்வழக்குக்கு ஊறு நேர்ந்ததை மானிடவியலாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். தாயின் வீடு மகளுக்குச் செல்லும் வழி அங்கே மறிக்கப்பட்டது. வடக்கே, 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக் தொகுத்த தேசவழமையிலும் தாயை இழந்த பிள்ளைகளைப் பற்றிய ஏற்பாடு உண்டு. தந்தை மறுமணம் செய்யாதவரை பிள்ளைகளும் பொருளும் அவனிடம் இருக்கலாம். மறுமணம் செய்ய எண்ணின் தாய்வழியார் பிள்ளைகளையும் தாயின் பொருளையும் ஏற்றுக்கொள்வர். தந்தையை முழுமையாக நம்பிவிடாத ஒரு பழைய எச்சரிக்கை அது. அவ்வெச்சரிக்கை வீண் என்று சொல்லிவிட முடியாது.

கமக்காரர் ஊர் திரும்பி மணம் முடித்து, மாமியார் வீட்டில் குடியேறினார். 2005இல் ஒரு மகள், 2008இல் ஒரு மகன். எரிந்த ஊரில் வீட்டைக் கட்டியெழுப்பப் பட்ட கடன் வயலால் தீரவில்லை. 2014இல் மனைவி குவைத்துக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். அக்காலத்தில் அவ்வாறு செல்லும் தாயர் குடும்பப் பின்னணி அறிக்கை பெறுதல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2013ஆம் ஆண்டின் சுற்றறிக்கைப்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் செல்லலாகாது. ஏனையோர் பிள்ளைகளைப் பொறுப்பேற்பவர் யார் என்று காட்டுதல் வேண்டும். 2022இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலன் கருதிய விதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு வயதுக் குழந்தையை விட்டு மத்திய கிழக்குக்குச் செல்லும் தந்தையிடம் அவ்வறிக்கையை எவரும் கேட்கவில்லை. தந்தை வீட்டில் இல்லாமை ஓர் இழப்பாகவும் கணக்கிடப்படவில்லை. அவன் வீட்டில் இருத்தல் ஒரு பாதுகாப்பாகவும் கணக்கிடப்படவில்லை. கமக்காரரின் வீட்டு அறிக்கையிலும் பொறுப்பாளர் என எழுதப்பட்டது மாமியாரின் பெயர். தந்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சுற்றறிக்கை பிறந்த ஆண்டுக்கு மற்றொரு நினைவும் உண்டு. அதே மாவட்டத்து மூதூரில் பிறந்த றிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரியில். கடவுச்சீட்டோ வயதைக் கூட்டிக் காட்டியது. சென்ற சில வாரங்களில் அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் நாள் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பதினெட்டு வயதுக்கு முன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு உயிரைப் பறித்தலாகாது என்பது சமவாயத்தின் விதி. மூதூரிலிருந்த ஒரு கடதாசி அவர் பிள்ளை என்றது; அவர் கையில் இருந்த கடதாசி அவர் பிள்ளையல்லர் என்றது. வறுமையைக் காட்டி வயதை மாற்றி எழுதும் முகவர்கள் வந்து நிற்கும் வாசல்கள் அம்மாவட்டத்தில் பல. அவ்வாசல்களில் வந்தவரை வரவேற்றுப் பேசுபவர் பெரும்பாலும் தந்தையரே.

மனைவி இல்லாத நான்கு ஆண்டுகளில் கமக்காரர் கற்றுக்கொண்டவை பல. மகளின் தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னுதல் அவற்றுள் கடினமானது. கயிறு திரித்த விரலுக்குக் கூந்தல் இணங்கவில்லை. மாமியார் அருகே அமர்ந்து காட்டிக் கொடுத்தார். படலைக்கு வெளியே நின்று சிரித்தோர் சிரித்தனர். சில நாள்களில் சிரிப்பதை விட்டனர். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் தாய்மார் நிறைந்த வாங்குகளின் கடைசியில் அவர் ஒருவரே ஆண். 'அம்மாவை வரச்சொல்லுங்கோ' என்று அங்கு ஒருமுறை சொல்லப்பட்டதாம். அம்மா வர இயலாத தூரம் யாவருக்கும் தெரிந்திருந்தும் சொல்லப்பட்ட சொல் அது.

அவர் குற்றமற்ற தந்தை அல்லர். மாடு சாய்க்கும் கேட்டிக்கம்பினால் மகனை ஒருநாள் அடித்துவிட்டார். கைபேசியில் விளையாடிக்கொண்டு கன்றை அவிழ்த்துவிட்ட குற்றத்துக்காக. தாமும் அவ்வாறு அடிபட்டு வளர்ந்தவரே. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் சிறுவரைக் கொடுமைப்படுத்துதலைக் குற்றமாக்கிய அதே பிரிவில், பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையைத் தனியே காத்துவைத்தது. சட்டமே ஒரு காலத்தில் தந்தையின் கையில் கம்பைக் கொடுத்து நின்றது எனலாம். சிறுவன் மூன்று நாள் அவருடன் பேசவில்லை. நான்காம் நாள் அவன் கேட்டது ஒன்றுதான்: 'கன்றுக்கு அடிக்க மாட்டீங்கள், எனக்கு ஏன் அடிச்சனீங்கள்?' அவரிடம் விடை இருக்கவில்லை. கம்பு பட்டியிலேயே தங்கிவிட்டது.

மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதியது 2022 மே மாதத்தில். 2021க்குரிய பரீட்சை அது. நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடியிருந்து, பின்னர் நாடு எரிபொருளின்றித் தவித்த வேளையில் நடந்தது. பேருந்து இல்லாத நாள்களில் தந்தை அவளைச் சைக்கிளில் ஏற்றிச் சென்றார். பெறுபேறு நன்றாகவே வந்தது. கணிதம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். கிராமப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவே உண்டு. கணிதமாயின் திருகோணமலை நகரில் தங்கிப் படித்தல் வேண்டும். அப்பொழுதுதான் அம்மான் வந்தார். நல்லவர்; அக்கறையுள்ளவர். வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவரின் குறிப்பும் கொண்டுவந்திருந்தார். பதினெட்டு ஆகும்வரை பேசி வைப்போம், அதுவரை பெண் வீட்டில் இருக்கட்டும் என்பது அவர் யோசனை. சட்டத்துக்கு எவ்வகையிலும் மாறுபடாத யோசனை என்பதைக் கவனித்தல் வேண்டும். 2016 முதல் கட்டாயக் கல்வி பதினாறு வயது வரையே, திருமணத்துக்குப் பதினெட்டு. இடையே உள்ள இரண்டு ஆண்டுகளுக்கு எச்சட்டமும் காவல் இல்லை. அவ்விரண்டு ஆண்டுகளும் தந்தையின் கையில்தான் உள்ளன.

திண்ணையில் அம்மான், மாமியார், குவைத்திலிருந்து திரும்பிவிட்ட மனைவி, அயலவர் இருவர். வெற்றிலைத் தட்டும் இருந்தது. கமக்காரர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் உள்ளே நோக்கி, 'பிள்ளை, இஞ்சை வா. உன்ரை விருப்பத்தை அம்மானுக்கு நீயே சொல்லு' என்றார். பெரியோர் கூடிய இடத்தில் பெண்பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்துதல் அவ்வீட்டு வழக்கம் அன்று. அம்மானின் முகம் மாறியது. தன்னைப் பாதிக்கும் முடிவில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்னும் பன்னிரண்டாம் உறுப்புரையை எவரும் அங்கு எடுத்தோதவில்லை. கமக்காரரின் நினைவில் அப்பொழுது நின்றவர் அக்காள் என்று பின்னொருநாள் மனைவியிடம் கூறினார். மகள் வந்து நின்றாள். குரல் நடுங்கிற்று; ஆயினும் சொன்னாள். அம்மான் அன்று சாப்பிடாமலே புறப்பட்டார். இரண்டு மாதம் வரவில்லை. பிறகு, விடுதிக்கு வேண்டிய இரும்புக் கட்டில் ஒன்றைத் தாமே வாங்கி வந்து இறக்கினார்.

பட்டியில் இரண்டு பசு குறைந்தன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தந்தை அரிசியும் ஒரு முட்டி தயிருமாகப் பேருந்தில் நகரத்துக்குச் செல்வார். வெறும் முட்டியைத் திருப்பிக் கொண்டுவருவார். விடுதியில் சேர்வதற்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டிருந்தனர். மூலத்தை அவர் மகளிடமே கொடுத்தார். அதுவரை அதனைக் கூர்ந்து பார்க்க வாய்ப்பில்லாத மகள், தந்தையின் பெயர்க் கூட்டில் ஒரு பிழை இருப்பதைக் கண்டாள். தமிழ் அறியாத ஒருவர் சிங்களத்தில் எழுதிய பெயர்; ஓரெழுத்து மாறி, வேறொருவரின் பெயராக நின்றது. அவருக்கு அது தெரியும். பதினேழு ஆண்டுகளாகத் தெரியும். அலைய நேரமில்லாமல் விட்டிருந்தார். திருத்துவதற்கு அவருடைய பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றாள் மகள். அவர் வீடு சென்று, தம் தந்தை காடு கடந்து கொண்டுவந்த பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்து, அடுத்த முறை தயிர் முட்டியுடன் கொண்டுபோய்க் கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, மெழுகு படிந்து இருந்தது. எழுத்து வாசிக்கக்கூடியதாகவே இருந்தது. விண்ணப்பத்தை மகள் எழுதினாள். எந்த இடத்தில் கையொப்பமிடுவது என்று அவள் விரலால் காட்ட, அவர் இட்டார்.